கலப்புத் தொழிலும் கலவாத வீரனும்

யூபிலி மலருக்கு விளையாட்டுப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டனர். துடுப்பாட்டத்தையும் உதைபந்தாட்டத்தையும் பற்றி எழுதத் தக்கார் பலர் உளர். யானோ மைதானத்தில் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டியவன். ஆதலின், கல்லூரி விட்ட பின்னர் மாலை வேளையில் நம் மாணவர் சிலர் மேசையொன்றைச் சுற்றியிருந்து ஆடிவரும் ஓர் ஆட்டத்தைப் பற்றியும், அதன் விதியொன்றைத் திருத்தப் புகுந்தபோது யாம் கண்டவற்றைப் பற்றியும் எழுதலானேன். மூத்த பழைய மாணவர்க்கு இப்பொருள் புதுமையாகத் தோன்றலாம். அவர் பொருட்டு முதற்கண் ஆட்டத்தின் இயல்பைச் சுருங்கக் கூறுவேன்.

அதன் பெயர் டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ். நிலவறைகளும் பறக்கும் நாகங்களும் என்பது பொருள். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து, கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் எழுதிய மூன்று சிறு நூல்கள் ஒரு பெட்டியில் அடங்கி வெளிவந்தன. அவையே இவ்வாட்டத்தின் தொடக்கம். ஆடுநருள் ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஒவ்வொருவரும் அக்கதையில் ஒரு பாத்திரமாவர். "குகை வாயிலிற் காவலர் நால்வர் நிற்கின்றனர், யாது செய்வீர்?" என நடத்துநர் வினவ, ஆடுநர் தத்தம் பாத்திரத்தின் செயலைக் கூறுவர். அச்செயல் கைகூடுமோ என்பதை இருபது முகப் பகடையொன்று தீர்மானிக்கும். வென்றார் தோற்றார் என இறுதியில் எவருமிலர். கூடியிருந்து ஒரு கதையை உண்டாக்குதலே பயன்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தொழில் உண்டு. 1974ஆம் ஆண்டு நூல்களிற் போர்வீரன், மந்திரவாதி, பூசகர் என்னும் மூன்று தொழில்களே இருந்தன. கள்வன் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தான். பாத்திரம் அனுபவம் பெறப் பெறத் தன் தொழிலிற் படிப்படியாக உயரும். நம் மாணவர் என்னிடம் முதலில் வந்தது இச்சொற்களின் பொருட்டே. ஆங்கிலச் சொல்லை நேரே பெயர்த்து வகுப்பு என வைத்துக்கொண்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவன் மந்திரவாதி வகுப்பில் ஐந்தாம் வகுப்பில் இருக்கிறான் என்றெல்லாம் பேசிக் குழம்பியிருந்தனர். தொழில் என்றும் படி என்றும் கொள்ளுங்கள் என்றேன். அன்று தொடங்கி வாரந்தோறும் அம்மேசையின் ஓரத்தில் எனக்கும் ஒரு கதிரை இடப்பட்டது.

ஆட்டம் நம் கல்லூரிக்கு வந்த வழியையும் சொல்லுதல் வேண்டும். கனடாவில் வாழும் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது தம் மருமகனுக்குப் பகடைகள் நிறைந்த சிறு பையொன்றைக் கொடுத்துச் சென்றார். விதிகளின் அடிப்படைத் தொகுப்பை அதன் உரிமையாளரான நிறுவனத்தார் 2023ஆம் ஆண்டு சனவரியில் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்துமாறு விடுத்திருந்தமையால், மாணவர் அதனை அச்சிட்டுத் தைத்து வைத்துக்கொண்டனர். 2014ஆம் ஆண்டு முறையைச் சார்ந்த அத்தொகுப்பைக் கொண்டே இன்றும் ஆடுகின்றனர்.

நிற்க. ஒரு பாத்திரம் இரு தொழில்களைக் கலந்து பயிலலாமா? பயிலின் அதற்கு என்ன விலை? இவ்வினாவே எம் மேசையிற் பூசலை விளைத்தது.

உயர்தர வகுப்பு மாணவர் இருவர் தமக்கெனத் தாமே ஒரு விதி செய்துகொண்டனர். இரு தொழிலை எடுத்தவன் ஒவ்வொரு படியிலும் இரண்டின் பயனையும் முழுதாகப் பெறுவான் என்பதே அவ்விதி. இத்தகைய முறை அச்சிலும் இல்லாததன்று. 2004ஆம் ஆண்டில் வெளிவந்த அன்ஏர்த்ட் ஆர்க்கானா என்னும் நூலில் உண்டு. ஆனால் மேசையிலுள்ளார் அனைவரும் இரட்டைத் தொழிலராயின் அது பொருந்தும். எம் மேசையில் ஒன்பதாந் தர மாணவன் ஒருவன் இருந்தான். போர்வீரன் என்னும் ஒரு தொழிலையே எடுத்திருந்தான். வாளும் கேடயமும் அன்றி வேறொன்றும் அவன் விரும்பவில்லை. கலந்தவர் இருவரும் தீயும் எறிந்து வாளும் வீசியபின் அவனுக்கு எஞ்சியது ஒன்றுமில்லை. மூன்று வாரம் பொறுத்தான். நான்காம் வாரம் வரவில்லை. வழியிற் கண்டு கேட்டபோது, "என்ரை முறை வரேக்கை எல்லாம் முடிஞ்சு போகுது, சேர்" என்றான்.

விதிகளின் நடுநிலையைப் பற்றிப் பேசுவோர் பலரும் கலந்தவனையே நோக்குவர்: அவன் மிக வலியனோ, மிக மெலியனோ என ஆராய்வர். அச்சிறுவன் சொன்ன ஒரு வாக்கியத்தின் பின்னர் எனக்கு நோக்கு மாறிற்று. கலவாதவனைப் பக்கத்தில் நிறுத்தியன்றிக் கலப்பை அளத்தல் இயலாது. இதனை மனத்திற் கொண்டே ஆட்டத்தின் பழைய விதிகளையும் மாணவருடன் இருந்து படித்தேன். ஐம்பது ஆண்டுகளாக இவ்வொரு வினாவோடு அதனை ஆக்கியோர் பட்ட பாடு சிறிதன்று.

1978ஆம் ஆண்டு நூலில் மனிதரல்லாத குலத்தார்க்கே இரு தொழிலை ஒருங்கே நடத்தும் உரிமை இருந்தது. பெற்ற அனுபவப் புள்ளியை இரண்டாகப் பகிர்தல் வேண்டும். பாதியைக் கொடுத்தல் கொடிய விலை போலத் தோன்றும், கணக்கிட்டால் வேறு. 40,000 புள்ளி ஈட்டிய தனிப் போர்வீரன் 6ஆம் படியில் நிற்பான். தனி மந்திரவாதி 5ஆம் படியில் நிற்பான். அதே 40,000 புள்ளியைப் பகிர்ந்த எல்ஃப் குலத்தான் போரில் 5ஆம் படியிலும் மந்திரத்தில் 4ஆம் படியிலும் நிற்பான். பக்கத்துக்கு ஒரு படியே இழந்தான்! தொடக்கப் படிகளுக்கு வேண்டிய புள்ளி 2,001, 4,001, 8,001 என ஏறத்தாழ இரட்டித்துச் செல்லுதலே காரணம். வட்டிக் கணக்குப் படித்த எவருக்கும் இது விளங்கும். இதனை ஆக்கியோரும் அறிந்திருந்தனர் போலும்; அக்குலத்தார் ஒரு படிக்கு மேல் உயரலாகாது என வேறொரு தடையையும் வைத்தனர். அத்தடை நெடுங்காலம் ஆடுவோரையே தாக்கும். ஆண்டுக் கணக்கில் ஒரு கதையைத் தொடர்வோர் எத்தனை பேர்? மனிதக் குலத்தானுக்கோ வேறு வழி: பழைய தொழிலைக் கைவிட்டுப் புதியதை முதற்படியிலிருந்து தொடங்குதல் வேண்டும். புதியது பழையதை விஞ்சும் வரையும் பழைய வித்தையைப் பயன்படுத்தின், அனுபவப் புள்ளியை இழப்பான். கற்றதை மறைத்து வைத்திருப்பவனுக்கு அவ்விதி பரிசளிக்கிறது. ஆசிரியத் தொழில் செய்யும் எனக்கு அது உவப்பாக இல்லை.

2000ஆம் ஆண்டிலே மூன்றாம் பதிப்பு வந்தது. ஒவ்வொரு படி உயரும்போதும் விரும்பிய தொழிலில் ஒரு படி எடுக்கலாம் என்றாயிற்று. பெருஞ் சுதந்திரம். விளைவோ இரு வேறாயிற்று. படைத்தொழில்களைக் கலப்பவன் இத்தொழிலில் ஒரு படி, அத்தொழிலில் இரு படி என மேய்ந்து, ஒவ்வொன்றின் தொடக்கப் பயனையும் திரட்டிக்கொண்டான். மந்திரத்தைக் கலப்பவன் கெட்டான்: பத்துப் படி மந்திரவாதி ஐந்தாம் நிலை மந்திரங்களை ஓதும்போது, ஐந்து படி போரும் ஐந்து படி மந்திரமும் பயின்றவன் மூன்றாம் நிலையோடு நின்றான். படிகள் சமமின்றி விலகினால் அனுபவத்தில் நூற்றுக்கு 20 பங்கு குறைக்கும் தண்டம் ஒன்றும் இருந்தது. அதனாற் பயன் சிறிதே. 2008ஆம் ஆண்டுப் பதிப்பு அஞ்சிப் பின்வாங்கி, பிற தொழிலின் சிறு துளிகளை மட்டும் சிறப்புத்திறன் என்னும் விலைக்கு விற்றது.

இனி 2014. இரு தொழிலுக்கும் உரிய பண்புகளில் 13 புள்ளியேனும் வேண்டும் என்று வாயிலில் ஒரு காவல். மந்திரம் ஓதும் வாய்ப்புகளைத் தொழில்களிடையே கூட்டிக் கணக்கிடலாம். சிறு மந்திரங்களின் வலிமை மொத்தப் படியைக் கொண்டு வளரும். போர்வீரன் 5ஆம் படியிற் பெறும் இரண்டாம் வெட்டு மட்டும் கூட்டப்படாது. ஒரே தொழிலில் ஐந்து படி ஏறியவனுக்கே அது உரியது. யான் கண்டவற்றுள் இதுவே நன்று. ஆயினும் இதனையும் அந்நூல் ஒரு விருப்ப விதியாகவே தந்தது, வேண்டாதார் விடலாம்.

இவ்விதியின் வலுவும் பழுதும் 5ஆம் படியில் நன்கு தோன்றும். அப்படியிலே மந்திரவாதி தீக்கோளம் பெறுகிறான். எட்டுப் பகடை, சராசரி 28 சேதம், திரண்டு நிற்பார் அனைவர்க்கும். போர்வீரன் இரண்டாம் வெட்டுப் பெறுகிறான். மூன்று படி போரும் இரு படி மந்திரமும் கலந்தவன் இரண்டும் இல்லாதவனாய் நிற்பான். காத்திருத்தலே அவன் கொடுக்கும் விலை. இது நேர்மையான விலை என்பேன். வேண்டுமாயிற் கொடுக்கலாம், கொடுத்தபின் பிறர் குறை கூறார். ஆனால் ஓரிரு படி மட்டும் பிற தொழிலில் நனைந்து மீள்பவன் அவ்விலையைக் கொடான். எடுத்துக்காட்டாக, பலடின் என்னும் விரத வீரன் தன் மந்திர வாய்ப்பைச் செலவிட்டு வாள் வீச்சோடு தெய்வ அடி அடிப்பான். வார்லொக் என்னும் ஒப்பந்த மந்திரவாதியின் வாய்ப்புகளோ ஒரு மணி நேரச் சிறு ஓய்வில் மீள்வன. பலடின் இரு படி வார்லொக் ஆனால், இருமுறை ஓய்வெடுக்கும் ஒரு நாளில் ஆறு தெய்வ அடி மிகையாகக் கிடைக்கும். அடிக்குச் சராசரி 9 என, மொத்தம் 54. இரு படியின் விலைக்கு இது மலிவு. 2024ஆம் ஆண்டுப் புதிய நூலில் தெய்வ அடியை ஒரு மந்திரமாக்கி, ஒரு முறைக்கு ஒன்றெனக் கட்டினர். தொழில்களின் உட்பிரிவுகள் யாவும் 3ஆம் படியிலேயே தொடங்குமாறும் செய்தனர். நனைந்து மீள்வோரைத் தடுத்தலே இவற்றின் பயன்.

மாணவர்க்கு இதனை விளக்கும்போது நன்னூற் புணரியலை எடுத்துக்கொண்டேன். இரு சொற் புணருங்கால் ஒன்று தோன்றலாம், ஒன்று திரியலாம், ஒன்று கெடலாம். உங்கள் வீட்டுவிதியிலே தோன்றல் மட்டுமே உண்டு. கெடுதல் எங்கே என்று கேட்டேன். சோதனைக்கு வேண்டாத இலக்கணம் அன்றுதான் அவர்களுக்குப் பயன்பட்டது. கலப்பில் எது கெடுகிறது என்பதை எழுதிக் காட்டினாலன்றி எவ்விதியும் ஏற்கப்படாது என முடிவாயிற்று. ஒன்பதாந் தர மாணவனையும் அழைத்து வரச் செய்து, அவன் போர்வீரனையே அளவுகோலாக வைத்தோம். கணிதத்தில் அவன் கெட்டிக்காரன் என்பது அப்பொழுதுதான் தெரிந்தது.

இரு விதிகள் எளிதில் உடன்பாடாயின. முதற்றொழிலில் மூன்று படி ஏறாதவன் இரண்டாவதைத் தொடலாகாது. தொட்டபின் அதில் மூன்று படி ஏறாது மீளலாகாது. வார்லொக்கின் வாய்ப்புகள் வார்லொக் மந்திரங்களுக்கே ஆகும். மூன்றாம் விதியே எம்மை ஆட்டிவைத்தது. போர்வீரனும் வேட்டுவனும் இருவரும் படைத்தொழிலரே; அவர்தம் படிகளைக் கூட்டி ஐந்தானால் இரண்டாம் வெட்டு வழங்கினால் என்ன என்று உயர்தர மாணவன் ஒருவன் கேட்டான். மந்திர வாய்ப்புகளைக் கூட்டலாமெனின் வெட்டுகளைக் கூட்டுதலில் என்ன குற்றம்? கேட்டவுடன் நியாயமாகவே தோன்றிற்று.

சிறுவன் கொப்பியை எடுத்தான். காப்பெண் 15 உடைய பகைவன் ஒருவன். இருவரும் வலிமை 16 உடையராய்த் தொடங்கினர். கையில் எண்முகப் பகடைக்குரிய வாள். தனிப் போர்வீரன் 4ஆம் படியில் வலிமையை 18 ஆக்குவான். ஆகவே 5ஆம் படியில் அவன் வெட்டு நூற்றுக்கு 65 தடவை படும், பட்டால் 8.5, இரு வெட்டுக்குச் சராசரி 11. போரில் மூன்றும் வேட்டுவத்தில் இரண்டுமாகக் கலந்தவனோ எத்தொழிலிலும் நான்காம் படியைத் தொடவில்லை. வலிமை 16 இலேயே நிற்கும். இதுவே கெடுதல். வெட்டு நூற்றுக்கு 60 தடவை படும், பட்டால் 7.5, இரு வெட்டுக்கு 9. இங்கே நிறுத்தியிருந்தால் விதி நன்றென்றிருப்போம். ஆனால் வேட்டுவனுக்கு வேட்டுவக் குறி என்றொரு மந்திரம் உண்டு. குறி வைத்த பகைவன்மேற் பட்ட ஒவ்வொரு வெட்டுக்கும் 3.5 கூடும். 9 என்பது 13.2 ஆயிற்று. கலவாதவன் 11. சிறுவன் பென்சிலை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தான்.

விதியைக் கேட்ட மாணவனே திருத்தத்தையும் கொண்டுவந்தான்: ஐந்துக்குப் பதிலாக ஆறு என்று வைப்போம், ஒரு படி பிந்தட்டும். மீண்டும் கணக்கிட்டோம். 6ஆம் படியில் தனிப் போர்வீரன் மறுபடியும் வலிமையை உயர்த்தி 20 ஆக்குவான்; நூற்றுக்கு 70 தடவை படும்; பட்டால் 9.5, இரு வெட்டுக்கு 13.3. மூன்றும் மூன்றுமாகக் கலந்தவன் குறியோடு 13.2; குறியின்றி 9. இத்துணை நெருங்கி வருமென எவரும் எதிர்பார்க்கவில்லை. குறி எப்போதும் நில்லாது. மனவொருமை கலைந்தாற் போய்விடும், நாளுக்குச் சில தடவையே வைக்கலாம். ஆகவே நெடும்போரிற் போர்வீரன் முந்துவான். ஒரு பெரும் பகைவனை வேட்டையாடுகையிற் கலந்தவன் ஒப்ப நிற்பான். ஆறு என்றே விதி எழுதப்பட்டது.

ஆயினும் எண்களை மட்டும் நம்பி விதி செய்தலில் எனக்கு உடன்பாடில்லை. தீக்கோளத்தின் 28ஐயும் வாளின் 11ஐயும் எங்ஙனம் ஒப்பிடுவது? ஒன்று நாளுக்குச் சில முறை. மற்றது நாள் முழுதும். ஆதலால் ஒவ்வொரு விதியையும் இரு மாலை ஆடிப் பார்த்தோம்: ஒரே போரை ஒருமுறை கலந்தவனோடும் ஒருமுறை கலவாதவனோடும். எவன் செயலாற் போரின் போக்கு மாறியது என்பதை ஒவ்வொரு சுற்றிலும் கொப்பியிற் புள்ளடியிட்டோம். ஒருவன் பெயருக்கு நேரே புள்ளடியே இல்லாத மாலை வந்தால் அவ்விதி மறுபரிசீலனைக்கு வரும். ஒரு மாலையில் ஒடுங்கிய பாலமொன்றில் அச்சிறுவனின் போர்வீரன் தனியே நின்று வழியை மறித்தான். பின்னால் நின்ற கலப்புத் தொழிலர் இருவரும் அவன் விழாதிருக்க வேண்டித் தம் மந்திரங்களையெல்லாம் செலவிட்டனர். அன்று அவன் பெயருக்கு நேரே இடம் போதவில்லை.

இத்துணை இடர்ப்பாடு எதற்கு, கலப்பையே தடுத்துவிடலாமே என்று ஆசிரிய நண்பர் ஒருவர் கேட்டார். தடுத்தால் ஆட்டம் நடக்கும். 2014ஆம் ஆண்டு நூலும் அதற்கு இடம் தருகிறது. ஆனால் மாணவர் கலப்பை நாடுவது எப்போதும் வலிமைக்காக அன்று. பூசகர் ஒருவர் களவு கற்க விரும்புவது, சிறைப்பட்ட தம்பியை மீட்க வேண்டுமென்ற கதையினால் நேரலாம். அவ்விருப்பத்துக்கு வழியில்லையெனிற் கதை சுருங்கிவிடும். விலையைச் சரியாக வைத்தால் வலிமைக்காக வருவோர் தாமே குறைவர். கதைக்காக வருவோர் கொடுத்துவிட்டுப் போவர்.

விதி நடைமுறைக்கு வந்து ஓராண்டாகிறது. அதன்கீழ் அண்மையிற் கலப்புக்கு விண்ணப்பித்தவன் அப்போர்வீரனே. 6ஆம் படியில் நின்றவன், பாலத்துப் போரில் இறந்த தோழன் ஒருவனின் பொருட்டுப் பூசகத் தொழிலை எடுத்தான். இப்போது போரில் ஆறு, பூசகத்தில் ஒன்று. இன்னும் இரு படி பூசகத்தில் ஏறும்வரை வாளுக்குத் திரும்ப வழியில்லை. அவ்விடைக்காலத்தில் அவன் தோழர் புதிய பயன்களைப் பெற்று முன்னே போகின்றனர். மூன்று என்பதை இரண்டாகக் குறைக்க வேண்டுமென்று கணக்கோடு ஒரு மனு எழுதிக் கொண்டுவந்திருக்கிறான். அடுத்த வெள்ளிக்கிழமை அதனை எடுத்துக்கொள்ள இருக்கிறோம்.